கதார் கோட்டைகளைக் கட்டியது யார்? கொர்பியேர் மலைகளுக்குப் போய்வந்த பிறகு ஒரு குழப்பம்

துலூஸ்வாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேலை காரணமாகத் தென்பிரான்சில் இருக்கும் துலூஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த ஏப்ரலில்தான் முதல் தடவையாக வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே ஓத் மாவட்டத்துப் பக்கம் போனேன். கொர்பியேர் என்று அந்த மலைப்பகுதிக்குப் பெயர். வெளுத்த சுண்ணாம்புக்கல் மலைகள், அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே சின்னச் சின்ன ஊர்கள். ஏறிப் போக ஆட்டுத்தடம் மாதிரி ஒன்று மட்டும் இருக்கிற மலையுச்சிகளில் கோட்டைகள் இடிந்து கிடக்கின்றன. கெரிபூஸ், பெய்ர்பெர்த்யூஸ் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். மறுநாள் ஆரியேஜ் மாவட்டத்தில் இருக்கும் மோன்செகூர். மூன்றும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன.

குழப்பம் என்னவென்றால், வழி நெடுக 'கதார் நாடு', 'கதார் கோட்டை' என்றுதான் பலகை வைத்திருக்கிறார்கள். கதார்கள் என்றால் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கே இருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், கத்தோலிக்கத் திருச்சபை அவர்களைத் தப்பறைக்காரர்கள் என்று சொல்லிச் சிலுவைப் போர் நடத்தி அழித்தது என்ற அளவுக்குத் தெரியும். ஆனால் பெய்ர்பெர்த்யூஸின் மேல்கோட்டைக்கு ஏறும் படிக்கட்டுக்கு 'புனித லூயி படிக்கட்டு' என்று பெயர் போட்டிருக்கிறது. அந்த லூயி பிரான்ஸ் அரசர், கதார்களை ஒடுக்கிய தரப்பு. அவர் பெயரில் எப்படி அங்கே படிக்கட்டு? கொலை செய்ய மாட்டோம், சத்தியம் செய்ய மாட்டோம் என்று வாழ்ந்த துறவிகளுக்கு 800 மீட்டர் உயரத்தில் இவ்வளவு பெரிய மலையரண் எதற்கு? யார் கட்டினார்கள், ஏன் கைவிட்டார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், படிக்க எனக்குப் பொறுமை இருக்கிறது.

பழங்கல் எழுதியது:

நீங்கள் சரியான இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். இப்போது கண்ணுக்குத் தெரிகிற மதில்களில் பெரும்பகுதி கதார்கள் கட்டியது இல்லை, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த பிரபுக்கள் கட்டியதும் இல்லை. அவர்களைத் தோற்கடித்த பிரான்ஸ் அரசு, தோற்கடித்த பிறகு கட்டியது. 'கதார் கோட்டை' என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில் சுற்றுலாவோடு சேர்ந்து பரவியது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1200 வாக்கில் லாங்குதோக் என்ற இந்தத் தென்பிரான்ஸ் பகுதியில் பிரான்ஸ் அரசரின் பேச்சு எடுபடாது. துலூஸ் கோமகன் ஒரு பக்கம், கர்காசோனை வைத்திருந்த திரான்கவேல் குடும்பம் இன்னொரு பக்கம், பிரெனே மலைக்கு அப்பால் அரகோன் அரசர். இவர்களுக்குக் கீழே ஏகப்பட்ட சிறு பிரபுக்கள். சொத்தை மூத்த மகனுக்கு மட்டும் கொடுக்காமல் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிக்கிற வழக்கம் இருந்ததால், மீர்புவா மாதிரி ஒரே ஊருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பங்காளிகள் இருந்தார்கள். அந்தக் காலத்து 'கோட்டை' என்பது உண்மையில் ஓர் ஊர். மேலே பிரபுவின் கல்வீடும் ஒரு கோபுரமும், அதைச் சுற்றிச் சரிவில் அடுக்கடுக்காகக் குடியானவர்கள், நெசவாளர்கள், கொல்லர்கள் வீடுகள், வெளியே ஒரு மதில். லத்தீனில் காஸ்த்ரும் என்பார்கள். கதார் போதகர்கள் இந்த ஊர்களில் சாதாரண வீடுகளில் மற்றவர்களோடு மற்றவர்களாக இருந்தார்கள். தங்களைக் கதார் என்றுகூட அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, 'நல்ல மனிதர்கள்', 'நல்ல பெண்கள்' என்றுதான் ஊரார் அழைத்தார்கள். எனவே அவர்களுக்கென்று தனியாக ஒரு கட்டடக்கலை இருந்ததாக நினைக்க இடமில்லை.

1208இல் பாப்பரசரின் தூதர் பியேர் தெ காஸ்தெல்னோ கொல்லப்பட்டார். பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் சிலுவைப் போர் அறிவித்தார். 1209 ஜூலை 22 அன்று பெஸியே நகரம் சூறையாடப்பட்டது. அடுத்த மாதமே கர்காசோன் விழுந்தது, அதன் இளம் தலைவர் ரெமோன் ரொஜே திரான்கவேல் அதே ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்தார். (பெஸியேயில் 'எல்லோரையும் கொல்லுங்கள், தன்னுடையவர்கள் யார் என்று கடவுளுக்குத் தெரியும்' என்று பாப்பரசரின் தூதர் சொன்னதாக எல்லா இடத்திலும் படிப்பீர்கள். அதை எழுதி வைத்தவர் ஜெர்மனியில் இருந்த ஒரு துறவி, அதுவும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. படுகொலை நடந்தது உண்மை, அந்த வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது.) அதற்குப் பிறகு சிமோன் தெ மோன்ஃபோர் என்ற வடநாட்டுப் பிரபு படைத்தலைமை ஏற்று மினேர்வ், தெர்ம், கபாரே என்று ஒவ்வொரு மலையூராகப் பிடித்தார். 1218இல் துலூஸ் முற்றுகையில் கல்லடிபட்டுச் செத்தார். கடைசியில் 1229இல் துலூஸ் கோமகன் பாரிஸில் பணிந்து கையெழுத்துப் போட்டதும் கர்காசோன் பக்கம் முழுவதும் பிரான்ஸ் அரசரின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிட்டது.

இப்போது உங்கள் படிக்கட்டுக்கு வருவோம். பெய்ர்பெர்த்யூஸ் அந்தச் சிலுவைப் போரில் தாக்கப்படவே இல்லை. அதன் பிரபு 1240இல், திரான்கவேல் மகனின் கிளர்ச்சி தோற்றதும், அரசப் படையிடம் ஒப்படைத்துவிட்டார். 1242இல் ஒன்பதாம் லூயி அங்கே படிக்கட்டு வெட்டச் சொன்னார், பின்னால் புனிதர் பட்டம் பெற்றதும் அதே லூயிதான். மேல் முகட்டில் இருக்கும் சான் ஜோர்தி கோட்டையும் அரசின் வேலை. அரசருக்கு ஏன் அவ்வளவு அக்கறை? தெற்கே இரண்டு மலை தாண்டினால் அரகோன். 1258 மே 11 அன்று கொர்பேய் என்ற இடத்தில் லூயியும் அரகோன் அரசர் முதலாம் ஹைமேயும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். லூயி பார்சலோனா, கொர்பியேருக்குத் தெற்கே இருக்கும் ரூசியோன் ஆகியவற்றின் மீதான பழைய உரிமைகளை விட்டுக்கொடுத்தார். ஹைமே, மோன்பெலியே நீங்கலாக, லாங்குதோக் மீதான உரிமைகளை விட்டார். கொர்பியேர் மலைத்தொடரின் தெற்கு விளிம்பு இரண்டு நாட்டு எல்லையாகிவிட்டது. அகிலார், பெய்ர்பெர்த்யூஸ், புய்லோரான்ஸ், கெரிபூஸ், தெர்ம் ஆகிய ஐந்தும் 'கர்காசோனின் ஐந்து பிள்ளைகள்' என்று அழைக்கப்பட்டது இந்த எல்லைக் காவலுக்காகத்தான். நீங்கள் பார்த்தது ஓர் எல்லைப் பாதுகாப்பு வரிசை. அதற்கு மதப்பிரிவின் பெயரைச் சூட்டியது பின்வந்த காலம்.

செந்தாமரை எழுதியது:

பழங்கல் சார் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் 'கதார் கோட்டை என்பது சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர்' என்று முடித்துவிட்டால், அங்கே செத்தவர்கள் இரண்டாவது தடவை காணாமல் போகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மோன்செகூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1204 வாக்கில் கதார்களே வந்து, இடிந்து கிடந்த அந்த இடத்தை மறுபடி கட்டித் தரச் சொல்லி ரெமோன் தெ பெரேய் என்ற பிரபுவிடம் கேட்டார்கள், அவரும் கட்டினார். 1230களில் மத விசாரணை மன்றம் ஊர் ஊராக வரத் தொடங்கியதும் 1207 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறைதான் அவர்களுடைய தலைமையிடம் ஆனது. 1242 மே மாதம் மோன்செகூரில் இருந்து கிளம்பிப் போன ஆட்கள் அவிஞோனே என்ற ஊரில் தங்கியிருந்த விசாரணை அதிகாரிகளை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு விலை, அடுத்த ஆண்டு மே மாதம் தொடங்கிய முற்றுகை. மேலே சுமார் 500 பேர், அதில் ஆயுதம் எடுத்துச் சண்டை போடக்கூடியவர்கள் 100 பேர் சொச்சம். கீழே ஆயிரக்கணக்கில் படை. மலையை முழுசாகச் சுற்றி வளைக்க முடியாததால் பத்து மாதம் இழுத்தது. கடைசியில் குளிர்காலத்தில் மலையேறப் பழகிய ஆட்கள் இரவோடு இரவாகக் கிழக்கு முனையில் இருந்த காவற்பாறையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கல்லெறி பொறியை மேலே ஏற்றி, வீடுகள் மேல் கல்லைப் போட்டுக்கொண்டே முன்னேறினார்கள்.

1244 மார்ச் தொடக்கத்தில் சரணடையப் பேச்சு நடந்தது, இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. வீரர்கள் போகலாம், நம்பிக்கையைக் கைவிடுகிறவர்கள் போகலாம், கைவிடாதவர்களுக்குத் தீ. இந்த இரண்டு வாரத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. உயிரோடு இறங்கிப் போயிருக்கக்கூடிய சுமார் 20 பேர், அதில் சாதாரணப் படைவீரர்களும் உண்டு, அப்போதுதான் தீட்சை பெற்றுக் கதார்களாக மாறினார்கள், எரியப் போகிறோம் என்று தெரிந்தே. அந்த இருபதில் ரெமோன் தெ பெரேயின் மனைவி கோர்பாவும் மகள் எஸ்க்லார்மோந்தும் இருந்தார்கள். மார்ச் 16 அன்று 200க்கும் மேற்பட்டவர்களை அடிவாரத்தில் எரித்தார்கள், கோர்பாவின் தாயாரும் அதில் ஒருவர். ரெமோன் தப்பினார். தப்பிய மனிதர் சில வாரங்களில் விசாரணை அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, யார் யார் தன் வீட்டுக்கு வந்தார்கள், யார் யாரை வணங்கினார்கள் என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்குமூலம் இன்றைக்கும் இருக்கிறது.

துலூஸ்வாசி, நீங்கள் ஏறிப் போன பாதை தொடங்கும் இடத்திலேயே ஒரு நினைவுக்கல் இருந்திருக்கும், 1960இல் நிறுத்தியது. 'தூய கிறிஸ்தவ அன்பின் தியாகிகளான கதார்களுக்கு' என்று ஒக்சிதான் மொழியில், அந்த மக்கள் பேசிய மொழியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மேலே போகிறவர்களுக்குக் கல் யார் அடுக்கியது என்பது இரண்டாவது கேள்விதான்.

துலூஸ்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கல்லைப் பார்த்தேன், ஆனால் ஒக்சிதான் படிக்கத் தெரியாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். எங்கள் குழுவோடு வந்த வழிகாட்டி, மோன்செகூர் சுவர்கள் சூரியன் உதிக்கும் திசையைக் கணக்குப் பண்ணிக் கட்டியவை, கோடைக்கால நெடும்பகல் நாளில் கோபுரத்து ஒரு துளை வழியாக வெளிச்சம் நுழைந்து எதிர்த் துளை வழியாக வெளியே போகும், அது கதார்களின் சூரியக் கோயில் என்றார். புதையல், இயேசுவின் திருக்கிண்ணம் பற்றியும் நிறையச் சொன்னார். பழங்கல் சொல்வதை வைத்துப் பார்த்தால் மோன்செகூர் மதிலும் பின்னால் கட்டியதா? அப்படியானால் இந்தச் சூரியக் கணக்கு என்ன ஆகிறது? அப்புறம், அவ்வளவு உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

தண்ணீர் பற்றிக் கேட்டதால் உள்ளே வருகிறேன். அப்பாவும் தாத்தாவும் கொத்தனார்கள், நான் பழைய கட்டடப் பழுதுபார்ப்பு வேலையில் இருக்கிறேன். கொர்பியேர் பக்கம் இரண்டு தடவை போய், ஆட்கள் எல்லாம் மலைக்காட்சியைப் பார்க்கும்போது நான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றவன்.

முதலில் சூரியக் கோயில். ஆமாம், மோன்செகூரில் இப்போது நிற்கிற மதிலும் கோபுரமும் 1244க்குப் பிறகு வந்தவை. பிடித்த இடத்தை லெவி என்ற வடநாட்டுப் பிரபுக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள், அவர்கள் பழையதை அகற்றிவிட்டுத் தங்கள் காவற்படைக்காகக் கட்டியது அது. எரிக்கப்பட்டவர்கள் அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. எனவே அதில் வெளிச்சம் எந்தத் துளையில் நுழைந்து எந்தத் துளையில் வெளியே வந்தாலும் கதார்களின் வழிபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உலகத்துப் பொருள் எல்லாமே தீய சக்தியின் படைப்பு என்று நினைத்தவர்கள் சூரியனுக்குக் கோயில் கட்டுவார்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அம்பு எய்வதற்காகச் சுவரில் விட்ட துளைகள் அவை, எதிரெதிரே இருக்கும்போது வெளிச்சம் ஊடுருவத்தான் செய்யும். புதையல், திருக்கிண்ணம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கற்பனையில் முளைத்து 1930களில் கிளை விட்டவை.

அரசு கட்டிய வேலையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் சொல்கிறேன். கல்லின் நான்கு ஓரத்தையும் சீராகச் செதுக்கி, நடுப்பகுதியை மட்டும் புடைப்பாக, கரடுமுரடாக விட்டிருப்பார்கள். அந்தப் புடைப்புக் கல் வரிசை தெரிந்தால் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அரசப் பணம், வெளியூர்ப் பணியாளர் என்று எடுத்துக்கொள்ளலாம். கர்காசோன் நகரக் கோட்டையிலும் அதே வேலைப்பாடு இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள். அகிலாரில் அறுகோண வெளிமதில், ஆறு மூலையிலும் கோபுரம், ஒவ்வொன்றும் உள்பக்கம் திறந்தே இருக்கும், எதிரி ஏறிப் பிடித்தாலும் உள்ளே இருப்பவர்களிடமிருந்து மறைந்துகொள்ள முடியாது. இது வரைபடம் போட்டுக் கட்டியது. மலைப் பிரபுக்கள் பாறை போன போக்கில் கட்டிய பழைய சுவர் வேறு மாதிரி இருக்கும், சின்னக் கல், நிறையச் சாந்து. கெரிபூஸில் கோபுரத்துக்குள்ளே நடுவில் ஒற்றைத் தூண் நின்று வளைவுக் கூரையைத் தாங்கும் கூடம் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? 728 மீட்டர் உயரத்தில், காற்று ஆளைத் தள்ளுகிற முகட்டில், அவ்வளவு நுணுக்கமான வளைவைப் போட்ட கை யாருடையதோ, எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசே இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். சுண்ணாம்புக்கல் மலையில் கிணறு வெட்டிப் பிரயோசனம் இல்லை, பாறை தண்ணீரை நிறுத்தாமல் கீழே விட்டுவிடும். கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பதுதான் வழி. தொட்டிக்கு உள்பூச்சு நன்றாக இருக்க வேண்டும். உடைந்த ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்தில் பூசுவது நீர் கசியாமல் இருக்கப் பழங்காலத்திலிருந்து வரும் முறை. முற்றுகைக்காரனுக்கும் இது தெரியும், அதனால் அவன் மதிலைவிடத் தண்ணீரைத்தான் குறிவைப்பான். 1210 கோடையில் மினேர்வை அப்படித்தான் பிடித்தார்கள். அந்த ஊருக்குக் கிணறு பள்ளத்தாக்கின் அடியில், மூடிய படிவழி ஒன்று அதற்கு இறங்கும். எதிர்க்கரையில் பெரிய கவண்பொறியை நிறுத்தி அந்த வழியையும் கிணற்றையும் நொறுக்கினார்கள். நடுக்கோடை, ஊர் தாகத்தில் பணிந்தது, சுமார் 140 கதார்கள் எரிக்கப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் தெர்ம். இது இன்னும் கொடுமை. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கினார்கள், சேமித்த தண்ணீர் தீர்ந்துபோய், வெறும் திராட்சை மதுவைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சரி, ஒப்படைக்கிறோம் என்று பேசி முடித்த அன்று இரவு மழை கொட்டியது. தொட்டியெல்லாம் நிறைந்தது. காலையில் கோட்டையை வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் பிரபு ரெமோன் தெ தெர்ம் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் வற்றிக் கிடந்த தொட்டியின் அழுக்கோடு சேர்ந்த தண்ணீர் அது, அதைக் குடித்தார்கள், அதிலேயே மாவும் பிசைந்தார்கள். வயிற்றுக்கடுப்பு கோட்டை முழுவதும் பரவியது. நவம்பர் இறுதியில் ஓர் இரவு எல்லோரும் இருட்டோடு இருட்டாக வெளியேறப் பார்த்தார்கள், ரெமோன் பிடிபட்டு, கர்காசோன் சிறையில் செத்தார். தொட்டியைத் தூர்வாரிக் கழுவாமல் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது என்று தாத்தா சொல்லுவார். தெர்ம் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் விழுகிறது.

பழங்கல் எழுதியது:

சுண்ணாம்புச்சாந்து, அருமையாக எழுதினீர்கள். செந்தாமரை அம்மா சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், பெயர் பற்றிய பேச்சில் ஆட்களை விட்டுவிட்டேன். அதற்குப் பரிகாரமாக ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோட்டைகளின் கதை முழுவதும் அவர் ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

தெர்ம் ரெமோனின் மகன் ஒலிவியே. அப்பா சிறையில் சாகும்போது சின்னப் பையன். நிலம் போய்விட்டது, இப்படி நிலமிழந்த பிரபுக்களை ஃபெய்தி என்பார்கள், வளர்ந்த பிறகு அவர்களோடு சேர்ந்து அரசப் படையை எதிர்த்தார். 1240இல் திரான்கவேல் மகன் கர்காசோனை முற்றுகையிட்டபோதும் கூட இருந்தார். அது தோற்ற பிறகு சில வருடங்களில் அரசரிடம் பணிந்தார். ஒன்பதாம் லூயியின் சிலுவைப் பயணத்தில் எகிப்துக்குப் போய், அரசருக்கு மிகவும் வேண்டிய வீரராகத் திரும்பினார். 1255இல் கெரிபூஸைப் பிடித்த காரியத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அப்போது கெரிபூஸை வைத்திருந்தவர் ஷாபேர் தெ பார்பைரா, ஒலிவியேயைப் போலவே பழைய எதிர்ப்புக்காரர். கதார்களுக்கு அடைக்கலம் கொடுத்த கடைசிக் கோட்டையை அரசருக்குப் பிடித்துத் தர உதவியது, சிலுவைப் போரில் தகப்பனைப் பறிகொடுத்த மகன். அகிலாரையும் பின்னால் அரசருக்கே விற்றுவிட்டார். 1274இல் பாலஸ்தீனக் கடற்கரையில் ஆக்கர் நகரில் இறந்தார், பிறந்த மலையிலிருந்து அவ்வளவு தூரத்தில். அவரைத் துரோகி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, ஐந்து வயதோ பத்து வயதோ, எல்லாம் இழந்த ஒரு பிள்ளை பிழைத்துக்கொண்ட கதையாகத்தான் தெரிகிறது.

கைவிட்டது எப்போது என்று கேட்டீர்கள். எல்லை இருந்த வரை கோட்டைக்கு வேலை இருந்தது. கோட்டைத் தலைவர் ஒருவர், சில பத்துக் காவலர்கள், ஒரு பாதிரியார், வருடக்கணக்காகக் காற்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள். பீரங்கி வந்த பிறகு இந்த மாதிரி உயரச் சுவருக்கு மதிப்புக் குறைந்தது, என்றாலும் வழியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. தெர்மில் கொள்ளைக்காரர்கள் புகுந்துகொண்டு சுற்று வட்டாரத்தைத் தொல்லை செய்ததால் 1653-54இல் அரசே வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. ஐந்து பிள்ளைகளில் அது மட்டும் ஏன் அவ்வளவு நொறுங்கிக் கிடக்கிறது என்பதற்கு அதுதான் காரணம். 1659 நவம்பரில் பிரான்சும் ஸ்பெயினும் பிரெனே உடன்படிக்கை செய்து ரூசியோன் பிரான்சுக்கு வந்ததும் எல்லை தெற்கே பிரெனே மலைமுகட்டுக்கு நகர்ந்துவிட்டது. ஒரே நாளில் கொர்பியேர் உள்நாடாகிவிட்டது. பெய்ர்பெர்த்யூஸில் பேருக்கு ஒரு சிறு காவற்படை பிரெஞ்சுப் புரட்சி வரை இருந்தது, பிறகு அதுவும் இல்லை. யாரும் வந்து தாக்கிப் பாழாக்கவில்லை, கூரை விழுந்தபோது திருப்பிப் போட ஆள் இல்லை, அவ்வளவுதான். கர்காசோனை மட்டும் 1853 முதல் வியோலே லெ டியூக் என்ற கட்டடக்கலைஞர் புதுப்பித்தார். அதனால் அது புதுசு போல நிற்கிறது, மலைமேல் இருந்தவை பாழாகவே தங்கின.

2017இல் பிரான்ஸ் அரசு கர்காசோனையும் அதன் மலைக்கோட்டைகளையும் சேர்த்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தபோது 'கதார்' என்ற சொல்லைத் தலைப்பில் வைக்கவில்லை, காவல் கோட்டைகள் என்றே குறிப்பிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடம் சொன்னதற்குக் கிடைத்த பலன் என்று நினைக்கிறேன்.

துலூஸ்வாசி எழுதியது:

ஒலிவியே பற்றிப் படித்துவிட்டு நேற்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. செப்டம்பரில் இன்னொரு தடவை போகிறேன், இந்தத் தடவை தெர்ம், லாஸ்தூர், மறுபடி மோன்செகூர். எல்லாம் அரசு கட்டியது என்றால், அந்தப் பழைய மக்கள் இருந்த தடம் கண்ணால் பார்க்கிற மாதிரி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா?

செந்தாமரை எழுதியது:

இருக்கிறது, ஆனால் நிமிர்ந்து பார்த்தால் கிடைக்காது, குனிந்து பார்க்க வேண்டும். லாஸ்தூரில் வரிசையாக நான்கு கோபுரங்கள் தெரியும், கபாரே, தூர் ரெஜின், சுர்தெஸ்பின், கெர்த்தினே, எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். அவற்றுக்குக் கீழே சரிவில் பழைய கபாரே ஊரைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், வீட்டு அடித்தளங்கள் தெரியும். 1210இல் சிமோனின் ஆட்கள் பிராம் என்ற ஊரில் பிடித்த சுமார் 100 பேரின் கண்களைப் பிடுங்கி, ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டு, அவன் பின்னால் வரிசையாக நடக்கவிட்டு அனுப்பியது இந்த ஊருக்குத்தான். அந்தப் படிகளில் ஏறும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோன்செகூரில் கோட்டை வாசலோடு திரும்பிவிடாமல், மதிலுக்கு வெளியே சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வீட்டுத் தளங்களைப் பாருங்கள், முழங்கால் உயரம்கூட இருக்காது. அங்கே தோண்டியபோது கிடைத்த பொருட்களைக் கீழே ஊரில் உள்ள சிறு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், கத்தரிக்கோல், பகடைக்காய், அம்புமுனை. முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் சில கோட்டைகளை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல செருப்பு வேண்டும், அந்தச் சுண்ணாம்புக்கல் ஆட்கள் மிதித்து மிதித்து வழவழவென்று ஆகிவிட்டது. போய்வந்து எழுதுங்கள்.